அற்புதங்கள் நாம் உருவாக்குபவையே!

நடுவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம். அன்றாட வாழ்வின் சின்னச் சின்ன அற்புதங்கள் தாமாக அமைபவையா, நாம் உருவாக்குபவையா? இதுதான் தலைப்பு. நாம் உருவாக்குபவையே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, காலை நடையின்போது தலைக்கு மேல் ஓர் இருவாச்சிப் பறவை வந்து உட்கார்ந்ததைச் சொன்னார். கேட்காமலே கிடைத்த அற்புதம் என்றார். நம் சிங்கப்பூரின் கல்லாங் ஆற்றில் நீர்நாய்க் குடும்பம் குட்டிகளோடு நீந்தியதையும் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அக்கா, அந்தப் பறவை அங்கே எப்படி வந்தது?

இருவாச்சி 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோன பறவை. 1994இல் புலாவ் உபின் தீவில் ஒரு ஜோடி தென்பட்டது. சரி, அதுவரை தானாக நடந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். வந்த பறவை குடும்பம் நடத்த வேண்டாமா? அது குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது, பெரிய மரத்தில் பொந்து வேண்டும். பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும், அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும், ஆண் பறவை அந்தக் கீறல் வழியாகவே வாரக்கணக்கில் பழம் ஊட்டும். அப்படிப் பொந்து விழுந்த பருத்த மரம் நம் ஊரில் எத்தனை இருக்கிறது? அதனால்தான் 2004 முதல் ஆய்வாளர்களும் பூங்காப் பணியாளர்களும் கூட்டுப் பெட்டிகள் செய்து, மரத்தில் ஏற்றி, உள்ளே கேமரா வைத்து, பறவைக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றினார்கள். அக்கா தலைக்கு மேல் பார்த்தது அவர்களுடைய வியர்வையின் பலன்.

நீர்நாய் கதையும் அதேதான். 1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்தே ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றையும் கல்லாங் ஆற்றையும் சுத்தமாக்கச் சொன்னார். பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், கரையோரக் கடைகள் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றி, அடியில் கிடந்த சேற்றை அள்ளி, 1987இல் முடித்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த ஆற்றைக் கடந்த பெரியவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். நீர்நாய் திரும்பி வந்தது அதற்கப்புறம்தான்.

எதிரணித் தம்பி ஒருவர், "அதெல்லாம் வேலை, கடமை. அதைப் போய் அற்புதம் என்பதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி தம்பி. துவாஸ் பக்கம் ஷிப்யார்டில் சேஃப்டி வேலை பார்க்கிறவன் நான், அங்கிருந்தே பதில் சொல்கிறேன்.

கப்பலின் டேங்குக்குள் வெல்டிங்குக்கோ சுத்தம் செய்யவோ ஆட்கள் இறங்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் காலி டேங்க். ஆனால் மூடிக்கிடந்த டேங்கில் இரும்பு துருப்பிடிக்கும்போதே உள்ளே இருக்கும் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது, இறங்கியவன் கத்தக்கூட நேரமில்லாமல் சுருண்டு விழுவான், அவனைத் தூக்கப் பதறி இறங்குகிறவனும் பக்கத்திலேயே விழுவான். அதனால் முதலில் கேஸ் மீட்டரின் குழாயை உள்ளே விட்டு மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் அளக்க வேண்டும், ஏனென்றால் சில வாயு மேலே நிற்கும், சில வாயு அடியில் படுத்திருக்கும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ 23.5ஐத் தாண்டினாலோ யாரும் இறங்கக் கூடாது. இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பாஸை வாசல் பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். அந்த வாசலில் ஒருவர் நிற்பார். உள்ளே பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிற்பார், வெயிலோ மழையோ அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். சாயங்காலம் பலகையில் ஒரு பாஸ்கூட மிச்சம் இல்லாமல் எல்லாரும் எடுத்துக்கொண்டு லாரி ஏறும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் தம்பி! அன்று இரவு மன்னார்குடியிலோ புதுக்கோட்டையிலோ ஓர் அம்மாவுக்கு, "சாப்டியாம்மா?" என்று மகன் போன் போகும். அது அற்புதமா, வெறும் வேலையா என்று அந்த அம்மாவைக் கேளுங்கள்.

நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், கொடுத்தார்கள். தமிழ் தானாகத் தழைக்கும் என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால் இந்த மேடை ஏது, இந்த மைக் ஏது?

பார்க்கிற கண் வேண்டும் என்று எதிரணி சொன்னதை நான் மறுக்கவில்லை. நன்றியோடு பார்ப்பது பெரிய விஷயம்தான். ஆனால் பார்த்து ரசிப்பதோடு நின்றுவிட்டால், அடுத்தவருக்குப் பார்க்க என்ன மிச்சம் இருக்கும்?

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். உங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் இல்லாவிட்டால் பக்கத்துப் புளோக்கில், லிஃப்ட் அருகே ஒரு பெட்டி இருக்கும். நின்றுபோகும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி. யாராவது மயங்கி விழுந்து மூச்சு விடாமல் கிடந்தால் அவசர எண் 995ஐ அழையுங்கள், அழைப்பை எடுப்பவரே நெஞ்சை எப்படி அழுத்துவது என்று வழிகாட்டுவார். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் ஓடிப்போய் அந்தப் பெட்டியை எடுத்து வர வேண்டும். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியை இறக்கி வைத்திருந்தால், 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயத்துடிப்பு நின்றுபோனால் உங்கள் கைப்பேசிக்கே தகவல் வரும். இன்று வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். செயலியை இப்போதே, இந்த இருக்கையில் உட்கார்ந்தபடியே இறக்கிவிடலாம். தீர்ப்பை நடுவர் அதற்கப்புறம் சொல்லட்டும், காத்திருக்கிறேன்.