குணமான பிறகா, குணமாவதற்கா?

நேயர்களுக்கு வணக்கம்.

மனநலச் சமூகப் பணியாளராக நான் சந்திக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை ஒன்றையே சொல்கின்றன: "முதலில் நன்றாகக் குணமாகட்டும், வேலை வெட்டியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் மனச்சிதைவு, அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு போன்ற நீண்டகால மனநோய்களில் அந்த "அப்புறம்" பலருக்கு வருவதே இல்லை. மருந்து, காதில் ஒலிக்கும் குரல்களை அடக்கும், சந்தேகத்தைத் தணிக்கும். காலையில் எழுந்து குளித்து வெளியே கிளம்ப ஒரு காரணத்தை அது தராது. பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட ஒருவருக்கு, பஸ்ஸில் ஏறி நாலு பேர் முன்னால் வாய் திறந்து டிக்கெட் கேட்பதே பெரும்பாடு. முதல் நாள் நிறுத்தம் வரை நடந்துவிட்டுத் திரும்புவது, அடுத்து ஒரே ஒரு நிறுத்தம் போவது, பிறகு தனியாகப் போவது: மறுவாழ்வுப் பணி என்பதில் பாதி இப்படித்தான் இருக்கும். பார்ப்பவர்களுக்கு இது சிகிச்சையாகவே தெரியாது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1950களில் ஒரு முயற்சி நடந்தது. இனித் தேறமாட்டார்கள் என்று மருத்துவமனையின் உள்வார்டுகளில் ஒதுக்கப்பட்டிருந்த 269 பேருக்கு வீடு, வேலை, தொடர் கவனிப்பு ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்து வெளியே அனுப்பினார்கள். சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்து 1987இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கினர் வரை குணமடைந்திருந்தார்கள், அல்லது நன்றாகத் தேறியிருந்தார்கள்.

வேலை விஷயத்திலும் பழைய வரிசை தலைகீழாகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் பயிற்சிக்கூடத்தில் உட்கார்ந்து உறை ஒட்டுவதும் மெழுகுவத்தி செய்வதுமாகப் பழகிய பிறகுதான் வெளி வேலை என்பது முந்தைய முறை. அந்தக் கூடங்கள் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. உள்ளே போனவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இப்போது, விரும்புகிறவருக்கு நேரடியாகச் சம்பள வேலை தேடிக்கொடுத்து, வேலையில் சேர்ந்த பிறகு கூடவே நின்று உதவுகிறார்கள். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. நேரடி முறையில் வேலை பெற்றவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு.

இனி, இந்த நோயைத் தாண்டி வந்தவர்கள் செய்யும் உதவி. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில், குணமடைந்த நோயாளிகளையே பணியாளர்களாகச் சேர்த்தார் அதன் கண்காணிப்பாளர் பூசன். மற்றவர்களை விட அவர்கள் நோயாளிகளைக் கனிவாக நடத்தினார்கள் என்பது அங்கே கண்ட அனுபவம். நியூயார்க்கில் 1948இல் தொடங்கிய பவுண்டன் ஹவுஸ், மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர்கள் ஒன்றுகூடியதில் பிறந்தது. அங்கே நோயாளி என்று யாரும் இல்லை, உறுப்பினர்தான். சமையல், தொலைபேசி, கணக்கு எல்லாவற்றையும் அவர்களே ஊழியர்களோடு சேர்ந்து பார்க்கிறார்கள். ஒருவர் சில நாள் வராவிட்டால் இன்னொருவர் அழைத்து விசாரிப்பார்.

மீண்டு வந்தவரால் அப்படி என்ன செய்ய முடியும்? "மாத்திரை போட்டால் மந்தமாக இருக்கிறது" என்று ஒருவர் சொல்கிறார். நம்மைப் போன்றவர்கள் "போகப் போகச் சரியாகும்" என்போம். மீண்டு வந்தவரோ, "எனக்கும் அப்படித்தான் இருந்தது. எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? காலையில் எத்தனை மணிவரை தூக்கம் சொக்குகிறது? ஒரு வாரம் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கு நேரத்தை மாற்றிக் கொடுத்தார்" என்பார். மாத்திரையைக் குப்பையில் போட இருந்தவர் மருத்துவரிடம் போகிறார்.

இங்கிலாந்தில் 441 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. நெருக்கடிக் காலச் சிகிச்சை முடிந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு, மீள்வதற்கான பயிற்சி ஏட்டோடு நோயிலிருந்து மீண்டு வந்து மற்றவருக்கு உதவும் துணைவர் ஒருவரும் கிடைத்தார். மற்றவர்களுக்கு ஏடு மட்டும் தபாலில் போனது. ஓராண்டுக்குள் மீண்டும் நெருக்கடிக் காலச் சிகிச்சைக்கு வந்தவர்கள் முதல் பிரிவில் 29 சதவீதம், இரண்டாவதில் 38 சதவீதம். எல்லா ஆய்வுகளும் இவ்வளவு நல்ல முடிவைத் தந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மீள முடியும் என்ற நம்பிக்கை கூடுகிறது என்பதில்தான் பலவும் ஒத்துப்போகின்றன.

துணைவருக்கும் எல்லை உண்டு. மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது. தற்கொலை எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால், "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று கெஞ்சினாலும் சிகிச்சைக் குழுவிடம் தெரிவித்தே ஆக வேண்டும். துணைவருக்குப் பயிற்சி, மேற்பார்வை, தனக்கே உடம்புக்கு முடியாதபோது கேள்வி கேட்காமல் கிடைக்கும் விடுப்பு எல்லாம் தேவை. முக்கியமாகச் சம்பளம். "சேவைதானே" என்று இனிக்கப் பேசி இலவசமாக வேலை வாங்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. மற்ற ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு இவருக்கு மட்டும் நன்றி சொல்லி அனுப்பினால், அவர் இன்னும் நோயாளியாகவே நடத்தப்படுகிறார்.

உங்கள் வீட்டில் யாராவது இந்தச் சிகிச்சையில் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வேலைக்கோ படிப்புக்கோ போக ஏற்றபடி மருந்து நேரத்தை அமைக்க முடியுமா? இதே நோயிலிருந்து மீண்ட யாரையாவது சந்திக்க வழி உண்டா? கேட்கும்போது சம்பந்தப்பட்டவரும் அறையில் இருக்கட்டும். முடிந்தால் அவரே கேட்கட்டும்.

நன்றி, வணக்கம்.