முதல் பந்தி, இரண்டாம் பந்தி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக ஊட்டிக்குக் காரை எடுக்காமல் இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் கோவைப் பெருமக்களே, வணக்கம். நான் குன்னூர்க்காரி. நீங்கள் வராத ஞாயிறு எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று வெளிப்படையாகச் சொன்னால் எதிரணிக்கு லாபம். அதனால் சொல்லவில்லை.

'மலைக்கு வரும் வண்டிகளுக்கு வரம்பு கட்டுவது சுற்றுலாவை வளர்க்குமா, வாட்டுமா?' என்பது தலைப்பு. வளர்க்கும் என்பது என் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, "வீடு தேடி வரும் விருந்தாளியிடம் இ-பாஸ் இருக்கிறதா என்று கேட்பதுதான் தமிழ்ப் பண்பாடா?" என்று கேட்டார். நீங்களும் கை வலிக்கத் தட்டினீர்கள். சரி தம்பி, உங்கள் கல்யாணத்துக்கு ஆயிரம் பேரை அழைக்கிறீர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு இலைதான் போட முடியும். ஆயிரம் பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பீர்களா? முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்றுதானே பிரிப்பீர்கள்? இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தவர் யாராவது, 'விருந்தோம்பல் செத்துவிட்டது' என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனதுண்டா?

சென்னை உயர் நீதிமன்றம் செய்ததும் அதைத்தான். நீலகிரிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் வருவதாக 2024-ல் அரசே நீதிமன்றத்தில் சொன்னது. அந்த ஆண்டு மே 7 முதல், மலைக்கு வரும் வண்டிக்கு இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச்சீட்டான இ-பாஸ் வந்தது. அப்போது எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. மறு வருஷம் ஏப்ரல் 1 முதல் கோடை சீசனுக்குத்தான் வரம்பு: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

எதிரணியில் ஒருவர் 'பூட்டு' என்ற வார்த்தையைச் சொன்னார். கணக்குப் போடுங்கள். எட்டாயிரம் வண்டி, வண்டிக்கு நாலு பேர் என்றாலே முப்பத்திரண்டாயிரம் பேர். 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகரத்தின் மக்கள்தொகை சுமார் 88,000. ஊரில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கூட்டம் ஒரே நாளில் மலை ஏறலாம் என்றது அந்த உத்தரவு. இதுவா பூட்டு? அதோடு, அரசுப் பேருந்தில் வந்தால் பாஸே வேண்டாம். மலை ரயிலில் வந்தாலும் வேண்டாம். எண்ணுவது மனிதரை அல்ல, வண்டியை.

வியாபாரிகள் 2025 ஏப்ரல் 2 அன்று கடையடைத்தார்கள் என்று எதிரணியினர் சுட்டிக்காட்டினார்கள். உண்மை. எங்கள் தெருவிலும் கதவு சாத்தியிருந்தது. அவர்கள் வயிற்றெரிச்சலை நான் கேலி செய்ய மாட்டேன். சோதனைச் சாவடியில் பாஸைச் சரிபார்க்கவே வண்டிகள் வரிசை கட்டி நின்றால் அது அபத்தம், அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். மே மாதம் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தை பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்து போயிருக்கிறேன். பக்கத்தில் நின்ற காரில் ஒரு குடும்பம். குழந்தை வாந்தி எடுக்கிறது, அப்பா ஹாரன் அடிக்கிறார், அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரிக்கிறார். அவர்கள் பூங்காவை எட்டிப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். வர்க்கி வாங்க நேரம் ஏது? தேயிலைத்தூள் வாங்க ஏது? சாலையில் நிற்கும் காரால் எந்தக் கடைக்காரருக்கு வியாபாரம், ஐயா? நெரிசல் இல்லாத செவ்வாய்க்கிழமை வந்து இரண்டு ராத்திரி தங்குகிற குடும்பம் அல்லவா ஊருக்குக் காசு விட்டுப் போகும்?

இப்போதோ காசை விடக் குப்பைதான் அதிகம் தங்குகிறது. காட்டில் வீசிய மது பாட்டில்கள் உடைந்து யானையின் பாதத்தைக் கிழிக்கின்றன என்ற பேச்சு நீதிமன்றம் வரை போனது. 2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. அப்போதும் 'நடக்கிற காரியமா' என்றுதான் சிரித்தார்கள். பத்து ரூபாய்க்காகக் குடிமகன் காலி பாட்டிலோடு தள்ளாடித் தள்ளாடி வந்து நின்ற காட்சியை நான் கண்ணால் பார்த்தேன். போதையிலும் கணக்கு தப்பவில்லை!

இது ஏதோ மலைக்காரர்களின் தலைவலி என்று நினைக்காதீர்கள். உங்கள் குழாயில் வரும் பில்லூர் அணைத் தண்ணீர் பவானி ஆற்றுத் தண்ணீர். எங்கள் சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கசியவிடுவதால்தான் ஆற்றில் ஓட்டம் இருக்கிறது. அந்தச் சரிவை வெட்டி பார்க்கிங் போட்டால் தாகம் எடுப்பது இங்கேதான்.

தாய்லாந்தில் மாயா விரிகுடா என்று ஒரு கடற்கரை. ஒரு ஹாலிவுட் படத்தில் காட்டினார்கள், உலகமே படகேறி வந்தது. யாரும் தலைகளை எண்ணவில்லை. பவளப்பாறை நொறுங்கி, 2018-ல் கடற்கரையையே மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள், அதுவும் இத்தனை பேர்தான் என்ற வரம்போடு. முதலிலேயே எண்ணியிருந்தால் மூன்றரை வருஷம் படகுக்காரர் அந்த வருமானத்தை இழந்திருக்க மாட்டார். எங்கள் ஊரை அந்த இடத்துக்குத் தள்ளாதீர்கள் என்றுதான் நடுவர் அவர்களிடம் கேட்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். எதிரணித் தம்பிக்கு ஒரு சொல். போன மே மாதம் மலைப்பாதையில் பர்லியாரில் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டதாகச் சற்று முன் தேநீர் இடைவேளையில் என்னிடம் புலம்பியது நீங்கள்தானே? அடுத்த முறை நானே உங்களுக்குப் பாஸ் எடுத்துத் தருகிறேன், இரண்டாம் பந்திக்கு. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் அதுவும் வேண்டாம். ஜன்னலோர சீட் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.