ஆட்டோ யாரைக் கூப்பிடுகிறது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 12 நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பெண்கள் உடல்நல அறிவிப்புகளில் ‘பெண்களே’ என்று அழைத்தால் போதுமா, எல்லோரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா? சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். “கர்ப்பப்பை வாய் உள்ளவர்களே வருக என்று ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் போர்டு வைத்தால், ஊரே பல் டாக்டரிடம் போய் நிற்கும்” என்றார். மண்டபமே அதிர்ந்தது. அந்தப் பல் டாக்டரை நான் விடப்போவதில்லை. அதற்கு முன்னால் உங்களை ஒரு தெருவுக்குள் கூட்டிக்கொண்டு போகிறேன். கற்பனைத் தெருதான், எந்த ஊர் என்று தேடாதீர்கள். உங்கள் தெருவென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஐந்து மணி. மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஒரு ஆட்டோ வருகிறது. “தாய்மார்களே! தாய்மார்களே! நாளை காலை 9 மணிக்கு நமது ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இலவசப் பரிசோதனை. தாய்மார்கள் அனைவரும் தவறாமல் வந்து பயன்பெறுவீர்!”

தெருவில் நாலு வீடு. முதல் வீட்டில் 41 வயது டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார். ‘தாய்மார்களே’ என்றதும் தலை நிமிர்ந்தது, பிறகு குனிந்துகொண்டது. தன்னைக் கூப்பிடவில்லை என்று அவருக்குத் தெரியும். இதில் என்ன கொடுமை பாருங்கள். மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய், கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய், இந்த மூன்றிலும் குழந்தை பெறாதவர்களுக்கு ஆபத்து சற்று அதிகம். யாரை முதலில் கூப்பிட வேண்டுமோ அவரை விட்டுவிட்டு ஆட்டோ தாண்டிப் போய்விட்டது!

இரண்டாவது வீட்டில் 58 வயது அம்மா. கணவர் போய் 12 வருஷம், மாதவிடாய் நின்று 8 வருஷம். “எனக்கு இனிமே என்ன இருக்கு, அதெல்லாம் வாழுற பொம்பளைங்களுக்கு” என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். அம்மா, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது எச்.பி.வி. என்கிற வைரஸ். கிருமி உள்ளே வந்து புற்றாக மாற சாதாரணமாக 15, 20 வருஷம் எடுக்கும். கணவர் போனால் கிருமியும் கூடவே போய்விடுவதில்லை. மாதவிடாய் நின்று வருஷக்கணக்கான பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய ஆட்டோ, அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மூன்றாவது வீட்டில் 46 வயது. “எனக்குத்தான் கர்ப்பப்பையை எடுத்தாச்சே!” என்று பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொல்கிறார். எதை எடுத்தார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கர்ப்பப்பையையும் வாயையும் சேர்த்து எடுப்பது ஒரு ஆபரேஷன். மேல் பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு வாயை அப்படியே விட்டுவைப்பது இன்னொரு ஆபரேஷன். இரண்டுக்கும் நம் ஊரில் ஒரே பேர்: ‘கர்ப்பப்பையை எடுத்தாச்சு’. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘டோட்டல்’ என்று இருக்கிறதா, ‘சப்டோட்டல்’ என்று இருக்கிறதா, அந்த ஒரே சொல்தான் வித்தியாசம். வாய் மிச்சமிருந்தால் புற்றும் வரலாம், சோதனையும் வேண்டும்.

நாலாவது வீட்டுக்குப் பிறகு வருகிறேன். அங்கே ஜன்னல் பாதி திறந்திருக்கிறது. அது இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

எதிரணி நண்பர் குறுக்கே கேட்பார், “தாய்மார்களை விடுங்கள், ‘பெண்களே’ என்று கூப்பிட்டால் தீர்ந்ததே!” சரி, ஆட்டோவைத் திருப்புவோம். அதே தெரு, அதே ஐந்து மணி. “பெண்களே! பெண்களே!” டீச்சர் வாசலுக்கு வந்துவிட்டார், சந்தோஷம். உடலுறவே இல்லாதவருக்குக் கர்ப்பப்பை வாய்ச் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது, அதை நர்ஸ் தனியாகக் கேட்டு முடிவு செய்வார். மார்பகத்துக்கு அந்தக் கணக்கே கிடையாது. ஆக ஒரு கதவு திறந்தது. 58 வயது அம்மா? முறம் கையிலேயே இருக்கிறது. மூன்றாவது வீட்டம்மா? “எனக்குத்தான் எடுத்தாச்சே!” நாலாவது வீட்டில் பாதி திறந்திருந்த ஜன்னல் சாத்திக்கொண்டது. சத்தம் கேட்டதா உங்களுக்கு?

இப்போது பல் டாக்டர்!

நண்பரே, உங்கள் நகைச்சுவையை நான் வரிக்கு வரி ஏற்றுக்கொள்கிறேன். ‘கர்ப்பப்பை வாய்’ என்றால் எது என்று நம் மக்களில் பலருக்குத் தெரியாதுதான். அந்தத் தெரியாமைதானே நோயை முற்ற விடுகிறது? உடம்பில் அப்படி ஒரு பாகம் இருப்பதே தெரியாதவர், அதில் புண் வந்தால் யாரிடம் என்னவென்று சொல்வார்? ‘அடிவயிறு வலிக்குது’ என்பார். ‘வெள்ளைப்படுது’ என்பார். அதைச் சொல்லவும் இரண்டு வருஷம் யோசிப்பார். போர்டில் அந்தப் பெயரை எழுதித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கர்ப்பப்பையின் அடிப்பக்கம், பிறப்புறுப்பின் உள்முனையில், ஒரு விரல் நீளம் உள்ளே தள்ளி இருக்கிற குறுகிய கழுத்து அது என்று பக்கத்தில் ஒரு படமும் போட வேண்டும்.

அப்படியும் ஒருவர் ‘வாய்’ என்று படித்துவிட்டு வாயைக் காட்ட வந்து நின்றால்? நிற்கட்டுமே! நம் நாட்டின் தொற்றாநோய்த் திட்டத்தில் 30 வயது தாண்டியவர்களுக்கு மூன்று புற்றுநோய்க்குப் பரிசோதனை உண்டு. மார்பகம், கர்ப்பப்பை வாய், மூன்றாவது வாய்ப் புற்றுநோய்! வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் அடி, ஈறு எல்லாம் பார்ப்பார்கள். புகையிலை போடுகிறவருக்கு வெள்ளைத் திட்டு இருக்கிறதா, வாய் மூன்று விரல் அகலத்துக்குத் திறக்கிறதா என்று பார்ப்பார்கள். தப்பான வாய்க்கு வந்தவருக்கும் சரியான சோதனை அங்கே காத்திருக்கிறது. நீங்கள் அனுப்பிவைத்த அத்தனை பேரையும் நாங்கள் உட்கார வைத்துப் பார்த்தே அனுப்புகிறோம்!

(கைதட்டியதற்கு நன்றி. முதல் மணி அடித்துவிட்டது, வேகமாகப் போகிறேன்.)

எதிரணித் தலைவர் லண்டனைக் காட்டி ஒரு பயம் காட்டினார். ‘தி லான்செட்’ மருத்துவ இதழ் 2021 செப்டம்பரில் பெண்களை ‘யோனி உள்ள உடல்கள்’ என்று அட்டையிலேயே அச்சடித்தது என்றார். உண்மைதான். எதிர்ப்பு கிளம்பியது, ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார். நானும் அந்த அட்டையை எதிர்க்கிறேன். மனுஷியை எடுத்துவிட்டு உறுப்பை வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அதே 2021-ல், அதே பிரிட்டனில், பிரைட்டன் நகரத்து அரசு மருத்துவமனைகள் பிரசவப் பிரிவுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதில் ‘பெண்களும் பிரசவிக்கும் மற்றவர்களும்’ என்று இருந்தது. ‘பெண்’ என்ற சொல்லை நீக்கவில்லை என்றார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள், அவ்வளவுதான். லான்செட் அட்டை எடுத்தது, பிரைட்டன் சேர்த்தது. எங்கள் அணி நிற்பது பிரைட்டன் பக்கம். ‘பெண்கள்’ என்ற சொல் முதலில் வர வேண்டும், பெரிய எழுத்தில் வர வேண்டும், ஏனென்றால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பாட்டிக்கும் புரிகிற சொல் அதுதான்.

அந்த நாட்டிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 25 வயதிலிருந்து 64 வரை கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்குக் கடிதம் தானாக வீட்டுக்கு வரும். பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு, ஆணாக வாழ்கிறவர் திருநம்பி. பதிவேட்டில் ‘ஆண்’ என்று மாற்றிக்கொண்ட திருநம்பிக்கு அந்தக் கடிதம் தானாக வராது, அவரே போய்க் கேட்க வேண்டும். ‘பெண்’ என்று பதிந்த திருநங்கைக்கோ, அந்த உறுப்பே இல்லாதபோதும் கடிதம் வரும். கம்ப்யூட்டர் பதிவைப் பார்த்தது, உடம்பைப் பார்க்கவில்லை.

இது சீமைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். இந்தச் சோதனை உயிரைக் காக்கும் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர்களில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டம், அம்பிளிக்கை! பயிற்சி பெற்ற நர்ஸுகள் பஞ்சில் அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வைத்துப் பார்க்கிற வி.ஐ.ஏ. சோதனையை அங்கே ஒரே ஒரு சுற்று செய்தார்கள். 2007-ல் முடிவு வந்தது, அதே லான்செட்டில். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. தகுதி உள்ளவர்கள் 49,311 பேர், வந்து சோதித்துக்கொண்டவர்கள் 31,343 பேர். வராதவர்கள் கிட்டத்தட்ட 18 ஆயிரம். அத்தனை உழைத்தும் 18 ஆயிரம் பேர் வரவில்லையென்றால், அழைக்கிற சொல்லில் இன்னும் ஒருவரையாவது சேர்க்க முடியுமா என்று பார்ப்பது வீண் வேலையா?

சோதனையும் ஆளுக்கு ஆள் மாறும், அதனால்தான் யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரிந்து கூப்பிடச் சொல்கிறோம். வி.ஐ.ஏ. சோதனையில், அமிலம் பட்டு எந்த இடம் வெள்ளையாகிறது என்று கண்ணால்தான் பார்ப்பார்கள். 58 வயது அம்மாவுக்கு அது போதாது. மாதவிடாய் நின்ற பிறகு, பார்க்க வேண்டிய இடம், அதாவது கர்ப்பப்பை வாயில் இரண்டு வகைச் செல்கள் சந்திக்கிற எல்லைக்கோடு, உள்ளே போய்விடும், கண்ணுக்கு எட்டாது. அவருக்கு எச்.பி.வி. சோதனைதான் பொருத்தம். உலக சுகாதார நிறுவனமும் 2021 முதல் எச்.பி.வி. சோதனையைத்தான் முன்னால் வைக்கிறது, மாதிரியைத் தானே எடுத்துக்கொள்ளவும் வழி சொல்கிறது.

நடுவர் அவர்களே, இப்போது நாலாவது வீடு.

35 வயது. மீசை இருக்கிறது. மெக்கானிக் ஷெட்டில் வேலை. தெருவுக்கு அவர் ‘தம்பி’. திருநம்பி என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஏழு வருஷமாக டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஊசி. கர்ப்பப்பையும் இருக்கிறது, அதன் வாயும் இருக்கிறது. ஊசியால் மாதவிடாய் நின்றிருக்கிறது, ஆபத்து நிற்கவில்லை. அந்த ஊசி கருத்தடையும் ஆகாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஊசியால் உள்ளே தோல் மெலிந்து வறண்டிருக்கும். உள்ளே பார்க்க விரித்துப் பிடிக்கிற கருவிக்கு ஸ்பெகுலம் என்று பேர். வழக்கமான ஸ்பெகுலம் வைத்தால் உயிர் போகிற வலி. சின்ன அளவு ஸ்பெகுலம், தாராளமாக வழுவழுப்பு ஜெல்லி, ‘நிறுத்துங்க’ என்றால் அந்த நொடியே நிறுத்துகிற கை, இவ்வளவு வேண்டும். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்லை வழித்தெடுத்து லேபில் பார்க்கிற பேப் ஸ்மியர் எடுத்தால் செல் போதவில்லை என்று மாதிரி திரும்பி வருவது திருநம்பிகளுக்குப் பல மடங்கு அதிகம். சீட்டில் ‘டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்கிறார்’ என்று ஒரு வரி எழுதாவிட்டால், மெலிந்த செல்லை லேப்காரர் கெட்ட செல் என்று நினைத்துவிடவும் கூடும்.

மூன்றாம் முறை ஆட்டோ வருகிறது. இந்தத் தடவை எழுதிக் கொடுத்தது எங்கள் அணி. “30 வயதிலிருந்து 65 வயது வரை உள்ள பெண்களே! கர்ப்பப்பை வாய் உள்ள மற்ற எல்லோருமே! கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், மாதவிடாய் நின்றிருந்தாலும் வாருங்கள். கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டோடு வாருங்கள். திருநம்பிகளுக்குத் தனி நேரம் உண்டு. டோக்கன் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.”

முறத்தைக் கீழே வைக்கிறார் அந்த அம்மா. மூன்றாவது வீட்டில் பீரோ திறக்கிற சத்தம், பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுகிறார். நாலாவது வீட்டு ஜன்னல்?

இரண்டாவது மணி அடித்துவிட்டது, தெரிகிறது. ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா.

அந்தத் தம்பி ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். ஐந்து வருஷமாக ‘பெண்கள் மட்டும்’ என்ற போர்டைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிப் போனவர். உள்ளே போனால் வரிசையில் இருக்கிற நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆதாரில் இருக்கிற பழைய பெயரை நர்ஸ் உரக்கக் கூப்பிடுவார். வயசான அவர் அம்மா இதே நோயில்தான் போனார். கடைசி வரை ‘எங்கே வலிக்குது’ என்று டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டவர். மகனுக்கும் அதே வெட்கத்தைச் சொத்தாக விட்டுப் போக அவர் நினைத்திருப்பாரா, அவையோரே?

ஆட்டோ மெதுவாகப் போகிறது. “...மற்ற எல்லோருமே!” ஜன்னல் கம்பியில் ஒரு கை தெரிகிறது, நகக்கண்ணில் கிரீஸ் கறை.

மறுநாள் மதியம் இரண்டு மணி. வரிசை கலைந்துவிட்டது. வராந்தா பெஞ்சில் ஒருவர் மட்டும், கையில் மடித்து மடித்துக் கசங்கிய சீட்டு. நர்ஸம்மா திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்க்கிறார்.

“டோக்கன் 14, உள்ள வாங்க தம்பி.”

நன்றி, வணக்கம்.