கூடமே கோணல்தான், நடுவர் அவர்களே

(2025–26 ஐஎஸ்எல் சீசன் தொடங்குவதற்கு முன் பட்டிமன்றத்தில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களுக்கும், நேரு விளையாட்டரங்கின் படிகளில் நின்று தொண்டை கட்டும்வரை கத்திப் பழகிய இந்த அவையினருக்கும் என் வணக்கம். 'ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடரில் ஆடும் சென்னையின் எஃப்சி அணியின் தொடர் சரிவுக்குப் பெரிதும் காரணம் பயிற்சியாளர்களா, ஆட்டக்காரர்களைத் தேர்ந்து தக்கவைக்க வேண்டிய நிர்வாகமா?' என்ற இன்றைய தலைப்பில், நிர்வாகமே என்று வாதிடும் அணியின் சார்பில் நான் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் தம் உரையில், 2024–25 சீசனில் ஆடிய 13 அணிகளில் நம் அணி 11ஆம் இடத்தில் முடித்ததை எடுத்துச் சொல்லி, அதற்கான பழி முழுவதையும் அப்போதைய பயிற்சியாளர் ஓவன் கொய்லின் தலையில் இறக்கி வைத்தார். ஆட்டக்காரர்கள் போதவில்லை என்று பயிற்சியாளர் சொல்வதெல்லாம், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்ன கதைதான் என்று அவர் முடித்தபோது அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், பழமொழி அவ்வளவு பொருத்தமாக விழுந்திருந்தது. ஆனால், ஒரே கூடத்தில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து ஆடுகிறார்கள், மூவரும் அதே இடத்தில் இடறுகிறார்கள் என்றால், நான்காவது ஆளைத் தேடுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் குனிந்து தரையைப் பார்க்க வேண்டாமா?

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2020–21 சீசனில் ஹங்கேரியைச் சேர்ந்த சாபா லாஸ்லோ பயிற்சியாளராக இருந்தார். 11 அணிகளில் நமக்கு எட்டாம் இடம். 2021–22இல் மாண்டிநீக்ரோவின் போஷிதார் பாண்டோவிச் வந்தார். கோவாவிடம் 5–0 என்று தோற்ற பிறகு அவரை அனுப்பிவிட்டு, நம் சையத் சபீர் பாஷாவை இடைக்காலப் பொறுப்பில் அமர்த்தினார்கள். அப்போதும் எட்டாம் இடம். 2022–23இல் ஜெர்மனியின் தாமஸ் பிர்தாரிச் வந்தார். மறுபடியும் எட்டாம் இடம். இந்த மூவரும் ஒரே மாதிரி ஆடவைத்தவர்கள் என்று எதிரணியினர்கூடச் சொல்ல மாட்டார்கள். லாஸ்லோவின் அணி 20 ஆட்டங்களில் 11 டிரா செய்து, மொத்தமே 17 கோல்கள்தான் அடித்தது. பிர்தாரிச்சின் அணியோ கோல் அடிப்பதிலும் தாராளம், வாங்குவதிலும் தாராளம். ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினார், இன்னொருவர் திறந்துபோட்டு ஆடினார். பட்டியலில் மட்டும் இருவருக்கும் அதே எட்டாம் எண். பயிற்சியாளர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார் என்ற எதிரணியின் வாதம், இந்த மூன்று எட்டுகளுக்கு ஒரு விளக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இதுவரை பேசிய எதிரணியினர் ஒருவரும் சொல்லவில்லை.

இனி, இதே கேள்வியை எதிர்த்திசையிலிருந்து பார்க்கலாம். பயிற்சியாளர் மாறாமல் அணி மட்டும் மாறிய ஆண்டுகளும் நம் வரலாற்றில் உண்டு. 2015இல், பாதித் தொடரில் அடிமட்டத்தில் கிடந்த அணியை மார்கோ மாத்தரஸி மேலே கொண்டுவந்தார். சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்ததால் அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தைப் புனேயில் ஆட நேர்ந்தது. அங்கே கொல்கத்தாவை 3–0 என்று வீழ்த்தி, இறுதியாட்டத்தில் கோவாவை அவர்களுடைய ஃபட்டோர்டா மைதானத்திலேயே 3–2 என்று வென்றோம். கூடுதல் நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் ஸ்டீவன் மெண்டோசா. அந்தத் தொடரில் 13 கோல்கள் அடித்து, அதிகக் கோல் அடித்தவருக்கான விருதையும் பெற்றவர். அடுத்த ஆண்டும் அதே மாத்தரஸிதான் பயிற்சியாளர். மெண்டோசா இல்லை, முந்தைய ஆண்டு ஆடிய எலானோவும் இல்லை. எட்டு அணிகளில் ஏழாம் இடம்.

இரண்டாவது கோப்பையின் கதையும் இதேதான். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவின் கண்டீரவா அரங்கில், ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரியிடம் கோல் வாங்கிய பிறகு, மைல்சன் ஆல்வெஸ் கார்னரிலிருந்து தலையால் முட்டிய இரண்டு கோல்களாலும் ரஃபேல் அகஸ்டோவின் கோலாலும் கோப்பையைத் தூக்கினோம். ஜான் கிரெகரி அன்று நமக்கு ஞானியாகத் தெரிந்தார். அதே கிரெகரி அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளோடு, ஒன்பது புள்ளிகளோடு, கடைசி இடத்தில் நின்றார். எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்: வெற்றி தலைக்கேறியதால் பயிற்சியாளர்கள் மெத்தனமானார்களாம். இரண்டு கோப்பைகளுக்குப் பின்னும், இரண்டு வேறு மனிதர்களுக்கு, இருவருக்கும் அடுத்த ஆண்டே மெத்தனம் தொற்றிக்கொண்டது என்பதைவிட, கோப்பை வென்ற அணியைக் கட்டிக்காக்கும் பழக்கம் நம் அணி நிர்வாகத்துக்கு வாய்க்கவில்லை என்று சொல்வது எளிய விளக்கமாகத் தெரிகிறது.

எதிரணியின் மிக வலுவான சான்றை நான் ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். கிரெகரி விலகிய பிறகு, 2019 டிசம்பரில் ஓவன் கொய்ல் பொறுப்பேற்றார். ஆட்டக்காரர்கள் மாறவில்லை, பயிற்சியாளர் மட்டுமே மாறினார். கோலுக்கே திணறிக்கொண்டிருந்த அணி நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 6–5 என்று கடந்து, இறுதியாட்டம்வரை சென்றது என்றார்கள். உண்மைதான், கொய்ல் அன்று செய்தது பெரிய காரியம். ஆனால் அவருடைய கையில் யார் யார் இருந்தார்கள் என்பதை எதிரணி சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த சீசனில் 15 கோல்கள் அடித்து விருது வாங்கிய நெரியுஸ் வால்ஸ்கிஸ் இருந்தார். அவருக்குப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ரஃபேல் கிரிவெல்லாரோவும் ஆந்த்ரே ஷெம்ப்ரியும் இருந்தார்கள். நடுக்களத்தில் அனிருத் தாபா, ஓரத்தில் லாலியன்சுவாலா சாங்தே. நல்ல ஆட்டக்காரர்கள் இருந்த அணியை நல்ல பயிற்சியாளர் ஒருவர் ஒழுங்குபடுத்தினார். 2020 மார்ச்சில், கொரோனாவால் பார்வையாளர் ஒருவரும் இல்லாத ஃபட்டோர்டாவில், கொல்கத்தாவிடம் 3–1 என்று தோற்றோம். அதோடு அந்தக் கூட்டணி கலைந்தது. கொய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். நமக்கு மிஞ்சியதுதான் லாஸ்லோவின் 17 கோல்கள்.

கொய்ல் என்ற ஒரே மனிதரைத் தொடர்ந்து பார்த்தாலே இந்தப் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். ஜாம்ஷெட்பூரில் அவர் 2021–22 சீசனின் லீக் கேடயத்தை, அதாவது லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான பரிசை வென்றார். 2023இல் சென்னைக்குத் திரும்பினார். அந்த சீசனில் ஆறாம் இடம் பிடித்து, தோற்றால் வெளியேற வேண்டிய பிளே-ஆஃபில் கோவாவிடம் 2–1 என்று தோற்றோம். அடுத்த சீசனில், எதிரணித் தலைவர் வருந்திய அந்த 11ஆம் இடம். இறுதியாட்டம், லீக் கேடயம், ஆறு, பதினொன்று என்று இந்த நான்கும் ஒரே மனிதரின் கணக்கில் இருக்கின்றன. ஐந்தாண்டுகளில் அவர் மறந்துபோன பாடம் என்ன என்று எதிரணி விளக்கட்டும். அவருக்குக் கிடைத்த அணிகள் எப்படியெல்லாம் வேறுபட்டன என்பதை நாங்கள் விளக்குகிறோம்.

இங்கே ஒரு விதியை நினைவூட்ட விரும்புகிறேன், ஏனென்றால் அணித்தேர்வின் கனம் அதில்தான் புரியும். ஐஎஸ்எல் தொடங்கிய 2014இல் களத்தில் ஐந்து இந்தியர்கள் இருந்தால் போதும். 2017இல் அது ஆறானது. 2021 முதல் ஏழு. அதாவது, இரண்டு மூன்று நல்ல வெளிநாட்டவரைப் பிடித்துக் கோப்பையை அடித்துவிடும் காலம் போய்விட்டது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பயிற்சியாளர்தானே கேட்டு வாங்குகிறார் என்று எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் கேட்டார். இருக்கலாம். ஆனால், ஓரிரண்டு ஆண்டுகளில் மாறிவிடும் வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவர், எந்த இந்திய இளைஞனை நான்காண்டு ஒப்பந்தத்தில் பிடித்து வளர்ப்பது என்று முடிவெடுக்க முடியுமா? அந்த ஏழு பேரை வருடக்கணக்கில் சேர்த்துவைப்பது நிர்வாகத்தின் வேலை.

அந்த வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். 2022 ஜனவரியில், போன வால்ஸ்கிஸைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். அதே ஜனவரியில் சாங்தேயை மும்பைக்கு அனுப்பினார்கள். சாங்தே அடுத்த சீசனிலேயே மும்பையோடு லீக் கேடயத்தை வென்று, 2022–23இன் சிறந்த இந்திய ஆட்டக்காரர் என்ற அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் விருதையும் பெற்றார். 2016 முதல் நம் சட்டையில் வளர்ந்து, தலைவரின் கைப்பட்டையையும் அணிந்த தாபா, 2023இல் மோகன் பகானுக்குப் போய்க் கேடயங்களைக் குவிக்கிறார். நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரையும் ஓரத்து ஆட்டக்காரர் ஒருவரையும் விட்டுக்கொடுத்துவிட்டு, பந்து ஏன் முன்னே போகவில்லை என்று பயிற்சியாளரைக் கேட்பது நியாயமா?

மோகன் பகானிடமும் மும்பையிடமும் பணம் கொட்டிக்கிடக்கிறது, நாம் என்ன செய்வது என்று எதிரணியில் ஒருவர் பெருமூச்சு விட்டார். பணத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். நாம் ஐஎஸ்எல்லில் கடைசி இடத்தில் கிடந்த அதே 2018–19 சீசனில், கோயம்புத்தூர் நேரு அரங்கைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, இன்னொரு தேசியத் தொடரான ஐ-லீக்கை வென்றது. அந்த அணிக்குப் பெரிய நட்சத்திர உரிமையாளர்கள் யாரும் இல்லை. தேடிப் பிடிக்கும் கண் இருந்தது. அந்த அணியின் சட்டையில் முன்பு ஆடிய கன்னியாகுமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ், 2020 இறுதியாட்டத்தில் நம்மை வீழ்த்திய கொல்கத்தா அணியில் இருந்தார். அதே சென்னை சிட்டியில் ஆடிய சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், ஒடிசாவுக்கும் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்கும் போய், 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்துக் கொல்கத்தாவின் பாதியை ஆடவைத்தார். சிவகங்கைச் சீமையின் சிவசக்தி பெங்களூருவுக்காக ஆடுகிறார். தமிழர்கள் எல்லோரும் நம் அணியில்தான் ஆட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது தொழில்முறை ஆட்டத்தில் நடக்காது. ஆனால் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் 2018இன் கோப்பை அணியில் நடுக்களத்தில் நின்றதைப் பார்த்தவர்கள் நாம். வீட்டு வாசலில் வளர்வதை அடுத்த ஊர்க்காரர்கள் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், அந்தக் குறையை எந்தப் பயிற்சியாளரின் பெயரில் எழுதுவது?

கடைசியாக, வரப்போகும் சீசனைப் பற்றி. 2025–26 சீசன், தொடரை நடத்தும் உரிமை ஒப்பந்தச் சிக்கலால் மாதக்கணக்கில் தள்ளிப்போய், 2026 பிப்ரவரியில் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 14 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 13 ஆட்டங்கள், ஒருவரோடு ஒரே முறை மோதல். பயிற்சியாளராக வந்திருப்பவர் கோவாவின் கிளிஃபோர்ட் மிராண்டா. இடைக்காலப் பொறுப்பாக இல்லாமல், முழுப் பொறுப்போடு இந்த அணியை ஏற்கும் முதல் இந்தியர். 2023இல் ஒடிசாவை இடைக்காலப் பயிற்சியாளராக நடத்தி சூப்பர் கோப்பையை வென்றவர். அந்த ஒடிசா அணியில்தான் நான் சற்றுமுன் சொன்ன நந்தகுமாரும் இருந்தார் என்பது எனக்கு ஒரு தனி எரிச்சல், நடுவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

குறுகிய தொடர் என்பதால் பயிற்சியாளரின் உத்திதான் எல்லாம் என்று எதிரணி சொல்கிறது. நான் நேர்மாறாக நினைக்கிறேன். 20 ஆட்டங்கள் இருந்தால், ஒரு பயிற்சியாளர் முதல் ஆறில் தவறிப் படித்து, அடுத்த பதினான்கில் திருத்திக்கொள்ளலாம். கொய்ல் 2019இல் உள்ளே வந்து திருப்பியதற்கும் அந்த அவகாசம்தான் இடம் தந்தது. 13 ஆட்டங்களில் அந்த இடம் இல்லை. எந்த அணியை அவரிடம் ஒப்படைக்கிறோமோ அதுதான் கடைசிவரை ஆடப்போகிறது. ஆகவே எனக்கு இந்த சீசனில் பெரிய கனவு எதுவும் இல்லை. நடுப்பட்டியலில் முடித்து, இளம் இந்தியர்கள் மூன்று நான்கு பேர் தொடர்ந்து களம் கண்டு, சீசன் முடிந்ததும் அவர்களில் ஒருவர்கூட விலைபோகாமல் இருந்தால், பல ஆண்டுகளில் முதன்முறையாக அடுத்த சீசனை நம்பிக் காத்திருப்பேன்.

எதிரணியின் கடைசிப் பேச்சாளர் இன்னும் பேசவில்லை. ஆனால் முதல் ஐந்து ஆட்டங்களில் வெற்றி வராவிட்டால் மிராண்டாவை மாற்ற வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவரப் போவதாக இடைவேளையிலேயே அறிவித்துவிட்டார். தீர்ப்பை எங்கள் பக்கம் வழங்குவதோடு, அந்தத் தீர்மானத்தைப் பதின்மூன்றாவது ஆட்டம் முடியும்வரை சட்டைப்பையிலேயே வைத்திருக்குமாறு அவருக்கு நடுவர் அவர்கள் உத்தரவிட வேண்டும் என்று கேட்டு, வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்.