ஒரு மாலைக்கு ஒரு பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில் குறுந்தொகையைப் படித்து வருகிறோம். ஒரு மாலைக்கு ஒரு பாட்டு என்பது வழக்கம். இந்நூலுக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதியதாகச் சொல்லப்படும் பழைய உரை நமக்குக் கிடைக்கவில்லை. உ. வே. சாமிநாதையர் 1937ஆம் ஆண்டில் தம் உரையுடன் வெளியிட்ட பதிப்பே எங்களுக்குத் துணை. எனினும், பாட்டை இருமுறை வாய்விட்டுப் படித்து, அவரவர்க்குத் தோன்றியதைச் சொல்லி முடிக்கும்வரை அந்த உரையை நாங்கள் திறப்பதில்லை.

அண்மையில் கபிலரின் 25ஆம் பாட்டை எடுத்துக்கொண்டோம்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

திருமணத்தைத் தள்ளிப்போடும் தலைவனை எண்ணித் தலைவி தோழியிடம் சொல்வது இது. தன்னைக் கூடியவனே கள்வன். அவன் பொய்த்துவிட்டால் சாட்சிக்கு யாருமில்லை. அன்று இருந்தது தினையின் தாளை, அதாவது தண்டை, ஒத்த சிறிய பசுங்கால்களையுடைய குருகு என்னும் நீர்ப்பறவை ஒன்றே, அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீனையே பார்த்து நின்றது.

சாட்சி சொல்ல இயலாத சாட்சி என்ற அளவில் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். அப்போது, தினை விளைந்த கொல்லைகளுக்கு நடுவே வளர்ந்த ஓர் அம்மையார், பறவையின் காலை அவள் ஏன் அத்தனை நுணுக்கமாக நினைவில் வைத்திருக்கிறாள் என்று கேட்டார். நாணத்தால் தலை கவிழ்ந்திருந்தவளுக்குக் குருகின் கால்தானே கண்ணில் பட்டிருக்கும் என்றார். பிறகு, கதிர் அறுத்தபின் கொல்லையில் மிஞ்சுவது தாள்தான் என்றும் சொன்னார். குறிஞ்சிப் பாடல்களில் தலைவி தலைவனைச் சந்திக்க வாய்ப்பளிப்பது தினைப்புனக் காவலே. அறுவடை முடிந்தால் அவள் வீட்டுக்குள் அடைபட வேண்டியவள். பாட்டு இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்று ஒருவர் மறுத்தார். அந்த மறுப்பு முறையானதுதான். ஆயினும் 'தாள்' என்ற ஒரு சொல்லுக்குள் காலம் கடந்துவிட்ட அச்சத்தைக் கேட்ட அவருடைய காதை நான் மதிக்கிறேன். எத்தனையோ முறை இப்பாட்டை வகுப்பில் நடத்திய எனக்கு அது தோன்றியதில்லை.

"பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்னும் தொல்காப்பிய நூற்பாவை இன்னொருவர் நினைவூட்டினார். மணச்சடங்கு ஏன் வந்தது என்பதற்கு இலக்கணம் சொல்லும் காரணமும், இப்பெண் நடுங்குகிற காரணமும் ஒன்றாகவே இருந்தன.

'குருகும்' என்பதிலுள்ள 'உம்' என்னும் உம்மை, ஒரு குருகாவது இருந்ததே என்னும் ஆறுதலா, குருகு மட்டுந்தானே என்னும் ஏக்கமா என்பதில் அன்று எங்களிடையே இசைவு ஏற்படவில்லை. நூலகம் மூடும் நேரம் வந்துவிட்டதால், அதே பாட்டை அடுத்த மாதமும் தொடர்வதென்று முடிவு செய்திருக்கிறோம்.