4 டிபி ஹார்ட் டிஸ்க் 2 டிபிதான் காட்டுகிறதா?

சரி, அடுத்த கேள்வி. "விண்டோஸ் 7 இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் புதிதாக 4 டிபி ஹார்ட் டிஸ்க் மாட்டினேன். 2 டிபிதான் பயன்படுத்த முடிகிறது. மீதி கறுப்புப் பட்டையாக நிற்கிறது, வலது கிளிக் செய்தால் எல்லாம் மங்கலாக இருக்கிறது. டிஸ்க் பழுதா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். புது டிஸ்க்கை மாட்டி, விண்டோஸில் டிஸ்க்குகளைக் கையாளும் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டை முதன்முறை திறக்கும்போது, எம்பிஆரா ஜிபிடியா (டிஸ்க்கைப் பிரித்துக் குறித்துவைக்கும் பழைய முறையா, புதிய முறையா) என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். அதில் எம்பிஆர் என்று ஓகே கொடுத்திருக்கிறீர்கள். அதுதான் விஷயம்.

எம்பிஆர் பார்ட்டிஷன் முறை 1983-ல் டாஸ் 2.0 காலத்தில் வந்தது. பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதி, எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை 32 பிட் எண்ணில்தான் எழுதி வைக்கும். அதில் அடங்குவது சுமார் 429 கோடி செக்டார் (டிஸ்க்கின் சிறு துண்டு). செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 2 டிபியில் போய் முட்டிக்கொள்ளும். அதனால்தான் உங்களுக்கு 2048 ஜிபி ஒரு பக்கம், 1678 ஜிபி கறுப்பாக இன்னொரு பக்கம். கூட்டினால் 3726 தானே வருகிறது, 4000 எங்கே என்று கேட்காதீர்கள்! கம்பெனி ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1024-ஆக. அவ்வளவுதான்.

ஜிபிடிக்கு இந்த 2 டிபி வரம்பு இல்லை, அதற்கு மாற்றினால் போதும். இப்போது செய்ய வேண்டியது: அந்த டிஸ்க்கில் ஏதாவது காப்பி செய்திருந்தால் முதலில் வேறிடத்துக்கு எடுத்து வையுங்கள், எல்லாம் அழிந்துவிடும். பிறகு 2048 ஜிபி வால்யூமை டெலிட் செய்யுங்கள். அளவை இரண்டு தடவை பார்த்துவிட்டே கை வையுங்கள். பழைய டிஸ்க்கும் அதே திரையில் பக்கத்திலேயே இருக்கும். முழுக்கக் கறுப்பானதும் இடது ஓரத்தில் 'டிஸ்க் 1' என்று எழுதியிருக்கிற சாம்பல் பெட்டியின் மேல் வலது கிளிக் செய்தால் 'கன்வர்ட் டு ஜிபிடி டிஸ்க்' வரும். கறுப்புப் பட்டையில் கிளிக் செய்தால் வராது, பலர் அங்கேதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், குவிக் ஃபார்மட் என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள்.

இந்த டிஸ்க்கிலேயே விண்டோஸ் போடும் எண்ணம் இருந்தால் மதர்போர்டில் யுஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் புதிய வகை மென்பொருள்) இருக்க வேண்டும். பழைய பயாஸ் மட்டும்தான் என்றால் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாது. விண்டோஸ் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும், புதியதில் வீடியோ, போட்டோ எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு விண்டோஸ் 7-ன் 32 பிட் கூடப் போதும். 32 பிட் எக்ஸ்பி என்றால் ஜிபிடியைப் படிக்கவே படிக்காது.

ஜிபிடி ஆக்கிய பிறகும் மொத்தமே 1678 ஜிபிதான் என்று காட்டினால், பெரும்பாலும் அது பழைய சாட்டா டிரைவரின் (விண்டோஸ் டிஸ்க்கோடு பேச உதவும் மென்பொருள்) வேலை. மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் புதிய டிரைவர் இருந்தால் இறக்கிப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.