கை மட்டும் தெரியட்டும்

(காரைக்குடியில் ஒரு நூலக விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, பின்வரிசையாகப் பார்த்து இடம் பிடித்திருக்கும் கல்லூரித் தம்பி தங்கைகளே, வணக்கம்.

விறுவிறுப்பான அறிவியல் சாகசத் தொடர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கம்பன் விழா நடக்கிற ஊரில் இதையெல்லாமா மேடையேற்றுவது என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அவர் எழுந்து போகாமல் இருந்தால் என் கட்சி ஜெயித்தது என்று அர்த்தம்.

இரும்புக்கை மாயாவியிலிருந்து தொடங்குகிறேன். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தபோது முதல் இதழே அவருடையதுதான். அதற்குப் பத்து வருடம் முன்னால், 1962-ல், இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ என்ற வார இதழில் தொடராக ஆரம்பித்த கதை. விபத்தில் கையை இழந்தவனுக்கு இரும்புக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் மறையாது. கொஞ்ச நேரத்தில் மின்சாரத்தின் வேலை தீர்ந்து ஆளும் வெளியே தெரிந்துவிடுவான்.

அந்தக் கை மறையாமல் போனதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. முழுக்க மறைகிறவனை வைத்து இரண்டு வாரம் ஓட்டலாம். மூன்றாவது வாரம் அவனுக்கு என்ன ஆபத்து வந்துவிடும்? இங்கே அப்படி இல்லை. அறைக்குள் காவலாளி நுழைகிறான். அந்தரத்தில் ஒரு கை. அதை மேஜைக்கு அடியில் செருகுவதா, திரைக்குப் பின்னால் தள்ளுவதா? அடுத்த கட்டத்தில் சுவர் வரைந்திருந்தால், பையன்கள் வில்லனைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று தேடுவார்கள். நாயகனோடு சேர்ந்து வாசகனும் வழி தேடுகிறான் பாருங்கள், விறுவிறுப்பு அங்கேயிருந்துதான் வருகிறது. துப்பாக்கிச் சத்தத்தால் வருவதில்லை. பெரிய சக்தி ஒன்று, அதற்குச் சின்னதாக ஒரு முடக்கம். இரண்டையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நம்ம ஊர் வீட்டு முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாம் தாண்டி பின்தெருவில் திறக்கிற கடைசி வாசல் வரை நேராகத் தெரியும். பெரிய நாவலை அப்படிக் கட்டலாம். வாரத் தொடரில் ஒரு கதவைத் திறந்தால் அடுத்தது சாத்தியிருக்க வேண்டும். ஆனால் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதை வாசகன் ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டும். 1930-களில் அமெரிக்கத் தியேட்டர்களில் வாரம் ஒரு பகுதியாக ஓடிய சாகசப் படங்களில் இந்த ஒழுங்கு பல நேரம் கிடையாது. போன வாரம் காட்டாத ஒரு ஷாட்டை இந்த வாரம் நுழைத்து நாயகனைக் காப்பாற்றிவிடுவார்கள். அது ஏமாற்று வேலை. காசு கொடுத்தவனுக்குக் கோபம் வராதா?

ஜெர்மனியில் பெரி ரோடன் என்று ஒரு தொடர். 1961 செப்டம்பரில் ஆரம்பித்தது. வாரம் ஒரு சிறு புத்தகம், அறுபது பக்கத்தைச் சுற்றி. முப்பது, மிஞ்சினால் ஐம்பது இதழோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் திட்டம். 2019-ல் மூவாயிரமாவது இதழ் வந்தது! முதல் கதையில் நாயகன் 1971-ல் நிலவில் போய் இறங்குகிறான். நிஜ மனிதன் 1969-லேயே இறங்கிவிட்டான். தொடர் அதற்காக நின்றுவிடவில்லை. எப்படி இத்தனை வருடம்? கதைச் சுருக்கத்தை ஓரிருவர் எழுதிக் கொடுப்பார்கள், அந்தந்த வார இதழை வெவ்வேறு எழுத்தாளர்கள் எழுதுவார்கள். நூறு பேர் வாய்க்குச் சமைக்கிற கல்யாண வீட்டு ஏற்பாடு இல்லாமல் இது நடக்காது. எல்லா இதழும் தேறும் என்று நான் சொல்லமாட்டேன். வாராவாரம் எழுதினால் பாதி சுமாராகத்தான் இருக்கும். வாசகன் அதைப் பொறுத்துக்கொள்கிறான், அடுத்த வாரம் என்று ஒன்று இருப்பதால்.

இப்போது தம்பி தங்கைகளுக்கு. எழுதக் கதை இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள். நம்ம செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டு விற்க, அதாவது கடை வைத்துத் தொழில் நடத்தப் போனார்கள். மூன்று வருடக் கணக்கு, முடிந்ததும் அடுத்த ஆளிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அதை அப்படியே ஒரு கோளுக்கு மாற்றுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இங்கே வந்த மின்வேதியியல் ஆய்வகத்தில் துருவைப் பற்றியே ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் வைத்துப் பார்க்கிறார்கள். உங்கள் கோளின் காற்றும் அப்படி இருக்கட்டும். மூன்று வருடத்துக்கு மேல் விண்கலம் தாங்காது. கடையை ஒப்படைக்க வேண்டிய அடுத்த ஆள் இன்னும் வந்து சேரவில்லை. சக்தியும் முடக்கமும் கையில் வந்துவிட்டன, பாக்கி உங்கள் பாடு.

எழுதினால் எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன். ஆனால் முதல் அத்தியாயம் வேண்டாம், அது எல்லாருக்கும் நன்றாகத்தான் வரும். மூன்றாவதை அனுப்புங்கள்.